பாப்பா ஸ்டாப்பிங்

அங்க நிக்காதீங்க தம்பி. பொம்மைக்குப் பக்கத்துல நிக்காதீங்க. இக்கட்ட வாங்க, இந்த வேப்ப மரத்தடிக்கு. உங்க வண்டியும் இங்கயே நிக்கட்டும், பரவால்ல.

ரோட்டு ஆபீசுல இருந்து ஆள் வரும்னு தெரியும். காலையில இருந்து பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கறேன். பொம்மைய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க, நீங்க எடுக்க வந்திருக்கறீங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. வேலைக்குப் புதுசாட்ட இருக்குது, இல்லீங்களா? பழைய ஆளுன்னா இந்த ரோட்டுப் பிரிவுக்குப் போமாட்டேன்னு சொல்லியிருப்பாரு. வேகத்தடை போடச் சொல்லி ஒரு வருசமாக் கேக்கறோம், அதுக்கு ஆள் வரல. பொம்மையத் தூக்கறதுக்கு வந்தாச்சு. உங்களச் சொல்லல தம்பி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஸ்கூல் பஸ்ஸு போயிறட்டும். இன்னும் சித்த நேரத்துல வந்துரும். புள்ளைங்க இங்கதான் எறங்கி ரோட்டத் தாண்டுவாங்க. அது வரைக்கும் அவ நிக்கட்டும். பொறவு நானே அவுத்துத் தர்றேன். நீங்க சும்மா இழுத்தீங்கன்னா தோள்பட்டையோட கை கழண்டு வந்துரும். திருகித்தான் எடுக்கோணும். எனக்குத் தெரியும். கரூர்ல ஒரு ஜவுளிக்கடையில பொம்மைங்களுக்குத் துணி மாட்டறதுதான் என் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அந்த வேலைதான்.

என் பேரு ரத்தினா. ஊருக்குள்ள கேட்டா பொம்மைக்காரிம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

இருங்க, லாரி ஒண்ணு வருது. மூக்க மூடிக்கங்க.

போயிருச்சா. வாயெல்லாம் மண்ணு. தார்ப்பாய் போட்டு மூடித்தான் ஓட்டோணுமாம். எவன் மூடறான்?

அதா, அந்த மலைக் கரடு தெரியுதுங்களா? பாதிதான் மிச்சம். அங்க கல்லு ஒடைக்கற கிரஷருங்க ஓடுது. ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் இந்த ரோட்டுலதான் போவுது. மெயின் ரோட்டுல போனா செக்போஸ்ட்டுல மறிச்சு எடை போடுவாங்கன்னு, ஊருக்குள்ள பூந்து வாரானுங்க. டிரைவருக்கு மாசச் சம்பளம் கெடையாது. நடைக்கு இவ்வளவுன்னு கணக்கு. லோடு வண்டியக்கூட நம்பலாம் தம்பி. பாரம் இருக்குது, மொனகிட்டே வரும். காலி வண்டிதான் எமன். அடுத்த லோடுக்கு வரிசையில மொதல்ல போய் நிக்கோணும்னு வெசையா வருவான். பின்னால பொட்டி தடதடன்னு ஆடும். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் கேக்குது.

எம் புள்ள தாரணிய அடிச்சதும் காலி வண்டிதான். ஏழாவது படிச்சுட்டு இருந்தா. ரோட்டு மேலகூட நிக்கலீங்க. ரோட்ட விட்டு எறங்கி, மண்ணுல, நான் சொல்லிக் குடுத்தபடியே நின்னா. மினி பஸ்ஸ முந்தறேன்னு வந்தவன் மண்ணுல எறக்கிப்போட்டான். புள்ள ஒழுங்காத்தான் நின்னா. அத எல்லார்கிட்டயும் சொல்லிப்போடுவேன் நான். அவ மேல தப்பில்லன்னு நாலு பேருக்குத் தெரியோணுமில்லீங்களா.

அன்னைக்குக் கடையில ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நான் ஒரு பொம்மைக்குப் பட்டுப்பாவாடை கட்டிட்டு இருந்தேன். பொம்மைக்கு எந்தத் துணியும் சரியா நிக்காது தம்பி. பின்னாடி மடிச்சு குண்டூசி குத்தி இறுக்கோணும். முன்னால பாத்தா அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்கும், முதுகெல்லாம் ஊசி. அந்தக் குண்டூசிங்க என் வாயில இருந்துச்சு. அப்பத்தான் போன் வருது. வாயத் தொறக்க முடியல. ம், ம்-ங்கறேன். அவங்க சொல்றாங்க, நான் ம்-ங்கறேன். பொறவு வாயில இருந்த ஊசியெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து டப்பாவுல போட்டு, மூடிய மூடி வெச்சுட்டுத்தான் கெளம்புனேன். ஏன் அப்பிடிப் பண்ணேன்னு தெரியல.

மறியல் பண்ணுனோம். ஆபீசருங்க வந்தாங்க. வேகத்தடை போட்டுத் தர்றோம்னாங்க. பொறவு ரெண்டு பேர் வந்து ரோட்டுல வெள்ளப் பெயிண்டுல கோடு கிழிச்சுட்டுப் போனாங்க. அதா, அந்தக் கோடுதான். அதுக்கு மேல ஒண்ணும் வரல. எங்கூட்டுக்காரர் கிரஷர்ல எடைமேடையில இருக்கறாரு. அவரே நாலு பேரச் சேத்துட்டு, மண்ணும் கல்லும் கொட்டி ஒரு மேடு போட்டாரு. அந்த வாரத்துலயே லாரிங்க மிதிச்சு மிதிச்சு அதையும் ரோடாக்கிருச்சு.

அப்பத்தான் எனக்கு இது தோணுச்சு. கடையில சின்னப் புள்ள பொம்மை ஒண்ணு, ரெண்டு விரல் ஒடஞ்சு போச்சுன்னு மாடியில போட்டிருந்தாங்க. உசரம் தாரணிதான், அப்பிடியே. மொதலாளிகிட்டக் கேட்டேன். அவரு என் மூஞ்சியச் சித்த நேரம் பாத்துட்டு, எடுத்துக்கம்மான்னாரு. பஸ்ஸுல மடியில வெச்சுத்தான் கொண்டாந்தேன். கண்டக்டரு, அரை டிக்கெட் போடட்டுங்களான்னாரு. பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். போடுங்கன்னு காசக் குடுத்தேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் சிரிக்கல.

தாரணி யூனிபாரம் போட்டேன். சவுரி முடி வெச்சு ரெட்டச் சடை பின்னி, ரிப்பன் கட்டுனேன். அவ பையையே மாட்டி விட்டேன். பெயிண்ட் டப்பாவுல சிமெண்ட்டு ஊத்தி அதுல காலை நட்டு, அவ நின்ன எடத்துலயே நிக்க வெச்சேன்.

மொத லாரி வந்துச்சு பாருங்க. அடிச்சான் பிரேக்கு. டயரு கருகுன வாசம் இந்த மரத்தடி வரைக்கும் வந்துச்சு. டிரைவர் எறங்கி, ஏ பாப்பா, உள்ள தள்ளி நில்லு சாமின்னு திட்டிட்டே கிட்ட வந்தவன், மூஞ்சியப் பாத்துட்டு மண்ணுல உக்காந்துட்டான். அன்னைக்குப் பூரா ஒரு வண்டிகூட வெசையாப் போவல. நான் இங்கயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் தம்பி நல்லாத் தூங்குனேன்.

எவ்வளவு அச்சு அசலா இருந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. எங்கூட்டுக்காரருக்கு நான் சொல்லல. பொழுதோட வேலை விட்டு மொபெட்ல வாரவரு, இங்க வந்ததும் வண்டிய அப்பிடியே கீழ போட்டுட்டாரு. தாரணீன்னு கத்திட்டு ஓடியாந்து கையப் புடிச்சாரு. பொறவுதான் கை சில்லுன்னு இருக்கறது தெரிஞ்சுது. பெத்தவருக்கே வித்தியாசம் தெரியல பாத்துக்கங்க. அந்த மாதிரி மாட்டியிருந்தேன். அதுல இருந்து அவரு இந்த வழியா வாரதில்ல. வாய்க்கால் தடத்துல சுத்திட்டுத்தான் வேலைக்குப் போறாரு. எங்கிட்டவும் பேச்சு அவ்வளவா இல்ல. ஆம்பளைங்களுக்கு நெஞ்சு பலம் கம்மி தம்பி.

மிருதுளாவப் பத்திச் சொல்லோணும். தாரணி வகுப்பு. ரெண்டும் ஒட்டிட்டே திரியும். அதா, அந்த ஓட்டுக்கூரைக்குப் பின்னால பச்சப் பெயிண்ட் அடிச்ச வூடு, கோமளா வூடு. கோமளாவோட ஒரே புள்ள. தாரணி போன பொறவு இந்தப் பிரிவுல நிக்கறதுக்கே அந்தப் புள்ளைக்குப் பயம். ஸ்கூலுக்கே போமாட்டேன்னு அழுகும். கோமளா தோட்டங்காட்டு வேலைக்குப் போறவ, தினமும் கொண்டாந்து விட முடியுமா? நான்தான் சொன்னேன். வா கண்ணு, நீ பொம்மைக்குப் பக்கத்துல நில்லு, இந்த ரோட்டுலயே இங்க ஒரு எடத்துலதான் லாரி மெதுவா வருதுன்னேன். சும்மா ஆடிட்டு நிக்கக் கூடாது, அசையாம நிக்கோணும், தாரணியாட்ட நிக்கோணும்னேன். சொன்ன பேச்சு கேக்கற புள்ள. அப்பிடியே நின்னா.

பொறவு பயமே போயிருச்சு. பொம்மையோட கையப் புடிச்சுட்டுத்தான் நிப்பா. ரிப்பன் அவுந்திருந்தா கட்டி விடுவா. ஒரு நாளு, ஆன்ட்டி, தாரணிக்கு மூக்குல மண்ணு அப்பியிருக்குதுன்னு கைக்குட்டையில தொடச்சு விட்டா. நான் அதப் பாத்துட்டு வூட்டுக்குப் போயி அழுதேன். சந்தோசத்துலதான்.

இருங்க. இல்ல, அது பால் வண்டி.

லாரிக்காரனுங்க இருக்கறானுங்களே, பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாங்க. நாளாக நாளாக அவனுங்களுக்குப் பொம்மைன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா எம் புள்ளைய அவனுங்களுக்குப் புடிச்சும் போச்சு. வாரப்பெல்லாம் ரெண்டு தடவ ஹாரன் அடிப்பானுங்க. கையக் காட்டிட்டுப் போவானுங்க. பாப்பான்னுதான் பேரு வெச்சிருந்தானுங்க. இந்தப் பிரிவே பாப்பா ஸ்டாப்பிங்னு ஆயிருச்சு. போன்ல பேசறப்ப, பாப்பா ஸ்டாப்பிங் தாண்டிட்டேன்ம்பானுங்க. ஆயுத பூசைக்கு ஒருத்தன் எறங்கி வந்து நெத்தியில சந்தனம் வெச்சுட்டுப் போனான். நாலு மாவட்டத்து டிரைவருக்கு எம் புள்ளயத் தெரியும் தம்பி. உயிரோட இருந்திருந்தா இந்த ஊரத் தாண்டி ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?

ஆனா வேகம் கொறையல. அதையும் சொல்லோணுமில்ல. ஹாரன் அடிப்பான், கையக் காட்டுவான், அதே வெசையில போவான்.

துணிதான் காரணம்னு எனக்குப் பட்டுச்சு. வெயில்ல காஞ்சு யூனிபாரம் வெளுத்துப் போச்சு. அதுக்குள்ள ஜூன் மாசம் ஸ்கூல்லயும் கலர மாத்திட்டாங்க. எல்லாப் புள்ளைங்களும் புதுக் கலர்ல இருக்கறப்ப இவ மட்டும் பழைய கலர்ல நின்னா, தூரத்துலயே பொம்மைன்னு காட்டிக் குடுத்துருமில்லீங்களா. கடையில எத்தனை பொம்மைக்கு மாட்டியிருக்கறேன், இதுகூடத் தெரியாதா? கோமளாகிட்டப் போயிக் கேட்டேன். மிருதுளாவுக்கு ரெண்டு செட் தெச்சிருந்தா. ஒண்ணத் தந்தா. நல்லவதான் கோமளா. இல்லேன்னு சொல்லல.

அதப் போட்டு விட்டேன் பாருங்க. சடையும் ரிப்பனும் பையும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. பக்கத்துப் பக்கத்துல நின்னா எது எதுன்னு எனக்கே சட்டுன்னு தெரியாது. கூப்புட்டா திரும்பறது மிருதுளா, அவ்வளவுதான். மொத ரெண்டு மூணு நாளு திரும்பவும் பிரேக் அடிச்சானுங்க. பாத்தியா கண்ணு, வேலை செய்யுதுன்னு அவகிட்டச் சொன்னேன். அவ சிரிச்சா.

அந்த வாரமேதான்.

காலி வண்டி. நான் கடைக்குப் போற பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்தேன். முன்னால ஒரு டிராக்டர் போச்சு, வைக்கோல் பாரம். அத முந்தறதுக்கு மண்ணுல எறக்குனான். ஹாரன் அடிச்சான், ரெண்டு தடவ. மிருதுளா பொம்மை கையப் புடிச்சுட்டு அசையாம நின்னா. நான் சொன்னாப்பலயே நின்னா. ஓடியிருந்தா ஒரு வேளை. ஆனா அவ ஓடற புள்ள இல்ல.

பொம்மை வாய்க்கால்ல கெடந்துச்சு. கை மட்டும் கழண்டிருந்துச்சு. பொம்மைக்கு அவ்வளவுதான் ஆச்சு.

போலீஸ்ல அந்த டிரைவர் என்ன சொன்னான்னு கேளுங்க. பாப்பா தெனமும் நிக்கறதுதானுங்களே, பக்கத்துல இன்னொரு பொம்மைய வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன்னானாம். பொய் தம்பி. வாய் கூசாத பொய். புள்ளைக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒருத்தனுக்கு? கண்ணு இல்லையா? கேசுல இருந்து தப்பிக்கறதுக்குச் சொல்றான். இந்த ஊரும் அத நம்புது பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. எய்தவன் இருக்க அம்ப நொந்து என்ன பண்றது? பொம்மை என்ன பண்ணுச்சு? நின்னுச்சு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பொறவு, கைய மாட்டி, துணியத் தொவச்சுப் போட்டு, விழாம இருக்கக் கம்பியால கட்டி, திரும்பவும் நிக்க வெச்சேன். வேற புள்ளைங்க எறங்குதில்ல? அவங்களுக்கு ஆரு இருக்கறா? மறுநாள் கோமளா வந்தா. நான் இங்கதான் உக்காந்திருந்தேன். அவ எங்கிட்ட வரல. பொம்மைக்கு முன்னால போயி நின்னா. பாவாடை விளிம்ப மடிச்சுப் பாத்தா. அவ கையால தெச்ச விளிம்பு, வளர வளரப் பிரிச்சு விடலாம்னு ரெண்டு மடிப்பு வெச்சுத் தெச்சிருந்தா. அத நீவி விட்டுட்டே கொஞ்ச நேரம் நின்னா. வூட்டுக்குப் போனவ அடுத்த நாள் உங்காபீசுக்குப் போயிப் பொம்மைய எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டா.

எனக்கு அதுதான் தம்பி வருத்தம். லாரிக்காரன் மேல போக வேண்டிய கோவம் எம் புள்ள மேல போவுது. கோமளாகிட்டப் பேசலாம்னு நாலு தடவ போனேன். கதவத் தொறக்கல. உள்ள இருக்கறது தெரியுது, மூச்சு கேக்குது. நான் என்ன பண்ணேன் அவளுக்கு? அவ புள்ளையும் எம் புள்ளைதானே?

கேக்குதா? தடதடங்குது பாருங்க. காலி வண்டிதான். கரட்டுப் பக்கம் திரும்பற வண்டி. நல்லதாப் போச்சு. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நீங்களே பாத்துட்டுப் போயி ஆபீசுல சொல்லுங்க. நான் போயி அவகூட நிக்கறேன். பொம்மை வேற, ஆளு வேறன்னு லாரிக்காரனுக்கு நல்லாத் தெரியும். எப்பிடிக் கொறைக்கறான்னு பாருங்க.

கையப் புடிக்காதீங்க தம்பி. விடுங்க.

என்னது? நானே உங்கள அங்க நிக்க வேணாம்னேனா? அது... உங்கள நிக்க வேணாம்னேன். நீங்க வெளியூரு. எனக்கென்ன? விடுங்க. நீங்க மரத்தடியிலயே இருங்க. நான் கைய நீட்டிட்டு நிக்கறேன், பாருங்க.

பாத்தீங்களா.

இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. சேலை காத்துல சுத்திக்கிச்சு, அவ்வளவுதான். உக்காந்துக்கறேன். தண்ணி வேணாம்.

பாத்தீங்கதானே? நான் கைய நீட்டிட்டுத்தானே நின்னேன்? அவன் என்னைய நேராப் பாத்தான் தம்பி. கண்ணுக்குக் கண்ணு பாத்தான். கொறைக்கல. ரெண்டு தடவ ஹாரன் அடிச்சான். கையக் காட்டுனான். சிரிச்சுட்டே கையக் காட்டிட்டுப் போனான்.

எனக்கும் சேத்துக் காட்டிட்டுப் போனான்.

மிருதுளாவும் அப்பிடித்தான் நின்னா. கையப் புடிச்சுட்டு. அவளப் பாத்தும் சிரிச்சிருப்பானா?

என்ன கேட்டீங்க? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல தம்பி.

வாங்க, எந்திரிங்க. கம்பிய நீங்க அவுருங்க. கைய நான் திருகி எடுக்கறேன். பொறுங்க, துணிய மொதல்ல கழட்டிக்கறேன். இது கோமளா புள்ளையோடது, அவகிட்டயே குடுக்கோணும். முதுகுல கைய வெக்காதீங்க, குண்டூசி இருக்குது. பச்ச வூட்டுக்கு முன்னால கொண்டு போகாதீங்க, அவ வாசல்ல உக்காந்திருப்பா. வாய்க்கால் தடத்துல சுத்திப் போங்க.

சீக்கிரம் தம்பி. அந்தா, ஸ்கூல் பஸ்ஸு திரும்பிருச்சு. புள்ளைங்க எறங்கறதுக்குள்ள தூக்கிருங்க.